நரி பரியான கதையும் ஒரு கால்வாய் என்ஜினீயரும்



மதுரைக்காரங்களுக்குக் குதிரையைப் பற்றிப் புதுசா சொல்ல என்ன இருக்கு? சித்திரையில் அழகர் தங்கக் குதிரையில் வந்து வைகையில் இறங்குகிறார். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதர் நரியைப் பரியாக்கிய லீலை நடக்கிறது. அந்தப் பரிகள் ராத்திரியே மறுபடி நரிகளாகி ஊளையிட்டுக்கொண்டு ஓடிப்போனதாகக் கதை.

ஆனால் நரி அளவே இருந்த ஒரு மிருகத்தின் வம்சம் நிஜமாகவே குதிரையானது. அதற்குப் பிடித்த காலம் சுமார் ஐந்தரைக் கோடி வருஷம்! அந்த நெடுங்கதைக்கு நம் நாட்டு மண்ணிலிருந்து சாட்சி எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர், வெயிலில் சர்வே எடுத்து அலைந்த ஒரு கால்வாய் என்ஜினீயர். பெயர் புரோபி தாமஸ் காட்லி.

1802 ஜனவரி 3-ஆம் தேதி இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். 1819-ல், பதினேழு வயதில், வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். 1825-ல் கிழக்கு யமுனைக் கால்வாய் வேலைக்கு உதவியாளராகப் போனார். நீர்ப்பாசனத்தை அவர் கற்றுக்கொண்டது பெரும்பாலும் சைட்டில்தான். 1831-ல் அந்தக் கால்வாயின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

அந்தக் கால்வாய்க்குப் பக்கத்திலேயே சிவாலிக் மலைகள். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஹியூ ஃபால்கனர் இவருக்கு நண்பரானார். 1834 வாக்கில் இருவரும் அந்த மலைகளில் கல்லாகிப்போன எலும்புகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். யானைகள், மாட்டு வண்டி அளவுக்கு ராட்சச ஆமை, ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான சிவதீரியம் என்று வந்துகொண்டே இருந்தன. 1837-ல் லண்டன் புவியியல் சங்கம் இருவருக்கும் சேர்த்து வொல்லாஸ்டன் பதக்கம் கொடுத்தது. காட்லி தன் சேகரிப்பை 214 பெட்டிகளில் அடைத்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்.

இப்போ குதிரைக்கு வருவோம். அந்தக் குவியலில் இரண்டு தினுசுக் குதிரைகள் இருந்தன. ஒன்று, இன்றைய குதிரை மாதிரி ஒற்றைக் குளம்பு உள்ளது. அதற்கு ஈக்வஸ் சிவலென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று, நடுவிரலுக்கு இரண்டு பக்கமும் சின்ன விரல்கள் உள்ள ஹிப்பேரியன் வகை. பல்லைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். ஹிப்பேரியனின் மேல் கடைவாய்ப்பல்லில் எனாமல் மடிப்பு ஒன்று தனித் தீவாக நிற்கும். ஒற்றைக் குளம்புக் குதிரையில் அது மற்ற மடிப்போடு ஒட்டியிருக்கும். 1849-ல் இந்தப் பெயர்கள் வந்தபோது டார்வினின் புத்தகம் வெளிவர இன்னும் பத்து வருஷம் இருந்தது. எது எதிலிருந்து வந்தது என்று அவர்கள் வாதம் செய்யவில்லை. கண்டதை அளந்து, படம் போட்டு வைத்தார்கள்.

டார்வினுக்குப் பிறகு வந்த அறிஞர்கள் பலர், ஹிப்பேரியன்தான் குதிரைக்கு நேர் மூதாதை என்று ஏணி மாதிரி வரிசை போட்டார்கள். அமெரிக்காவில் கிடைத்த எலும்புகள் அந்த ஏணியைச் சாய்த்துவிட்டன. குதிரைக் குடும்பம் வளர்ந்த வீடு வட அமெரிக்கா. அங்கிருந்து ஹிப்பேரியன் சுமார் 1.1 கோடி வருஷத்துக்கு முன்னாலும், ஒற்றைக் குளம்புக் குதிரை சுமார் 26 லட்சம் வருஷத்துக்கு முன்னாலும் தனித்தனியாக ஆசியாவுக்கு வந்தன. சிவாலிக்கில் முதலாவது கீழ் அடுக்குகளிலும் இரண்டாவது மேல் அடுக்குகளிலும் கிடைப்பது அதனால்தான். தாத்தா என்று நினைத்தவர் கடைசியில் ஒன்றுவிட்ட சித்தப்பா! அந்தப் பெரிய மரத்தில் இன்று மிஞ்சியிருப்பது குதிரை, கழுதை, வரிக்குதிரை, கட்ச் பாலைவனத்துக் காட்டுக்கழுதை போன்ற சிலதான். பிறந்த வீடான அமெரிக்காவிலேயே சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன் குதிரை அடியோடு அழிந்துபோனது.

காட்லி எலும்போடு நின்றுவிடவில்லை. 1837-38-ல் வடக்கே கொடிய பஞ்சம், லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதன்பிறகு கங்கையிலிருந்து பெருங்கால்வாய் வெட்டும் திட்டத்தைத் தயாரித்து, நடந்தும் குதிரையேறியும் தானே அளவெடுத்தார். ரூர்க்கியில் சோலானி ஆற்றுக்கு மேலேயே கால்வாயைக் கட்டிக்கொண்டு போனார். 1854-ல் தண்ணீர் திறந்தார்கள். நம்ம ஊருக்குப் பென்னிகுயிக் எப்படியோ, அந்தப் பக்கத்துக்கு இவர் அப்படி.

தப்பே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். கால்வாயின் சரிவு அதிகமாகி, தண்ணீரின் வேகத்தில் அடித்தளம் அரித்தது. நம் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனே அந்த வடிவமைப்பைக் கடுமையாகக் குறை சொன்னார். பிறகு திருத்த வேண்டி வந்தது. 1871 ஜனவரி 25-ஆம் தேதி காட்லி காலமானார்.

அந்தக் கால்வாய்க்கு ஆள் வேண்டும் என்றுதான் 1847-ல் ரூர்க்கியில் கல்லூரி தொடங்கினார்கள். என்ஜினீயர்களோடு ஓவர்சியர்களும் அங்கே தயாரானார்கள். ஆக, டிப்ளமோ படிக்கிற நமக்கும் அந்த இடத்தில் ஒரு பங்காளி உரிமை உண்டு! இன்று அது ஐ.ஐ.டி. குஜராத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த காம்பேதீரியம் என்ற மிருகத்துக்கு 2005-ல் பெயர் வைத்ததும் ரூர்க்கி ஆய்வாளர்கள் இருந்த குழுதான். சுமார் ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு முன் வாழ்ந்த அது, குதிரை, காண்டாமிருகம், டேபிர் மூன்றுக்கும் பொதுவான மூதாதைக்கு மிக நெருங்கிய உறவு என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்த மூதாதை, இந்தியா தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த காலத்தில் இங்கேயோ பக்கத்திலோ தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு சைட்டில் பள்ளம் தோண்டத்தான் போகிறோம். கீழடி நமக்குக் கூப்பிடு தூரம். அஸ்திவாரக் குழியில் ஓடோ, எலும்போ, எழுத்துள்ள கல்லோ தட்டுப்பட்டால், காண்டிராக்டர் அவசரத்தில் கான்கிரீட் போட்டு மூடிவிடுவோமா? இல்லை, ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தி, ஆழத்தை அளந்து குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்புவோமா? காட்லி கையில் இருந்ததும் ஒரு அளவுகோலும் ஒரு நோட்டும்தான். அது நம்மிடமும் இருக்கு, இல்லீங்களா?