ஜி.டி. நாயுடு: பிரித்துப் பார்த்தவர், சோதித்துப் பார்த்தவர்

கோயம்புத்தூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற யாருக்கும் ஜி.டி. நாயுடுவைப் புதுசா அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்தியாவின் எடிசன்னு ஸ்கூல் புத்தகத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருப்பீங்க. அவிநாசி ரோட்டுல இருக்கிற அவரோட மியூசியத்துக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. இந்தக் கட்டுரையில அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் வேற கோணத்திலிருந்து சொல்லப் போறேன். நம்ம சிலபஸ்ல எலெக்டிவ்வா வந்து, பாதிப் பேர் எடுக்காமலே விட்டுடற ஒரு சப்ஜெக்ட் இருக்கு: மின்காந்த இணக்கம், சுருக்கமா ஈ.எம்.சி. நாயுடு செஞ்ச பொருட்களை வரிசையா எடுத்துப் பார்த்தா, இந்த சப்ஜெக்டோட எல்லா அத்தியாயமும் அதுக்குள்ளேயே இருக்கு.

முதல்ல ஈ.எம்.சி.ன்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். ஒரு மின்கருவி தன் பக்கத்துல இருக்கிற கருவிகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. அதே நேரம் பக்கத்துக் கருவிகளோட தொல்லையையும் ஒரு அளவு வரை தாங்கணும். முதல் பாதிக்கு எமிஷன்னு பேர், ரெண்டாவது பாதிக்கு இம்யூனிட்டி. இதோட, பயன்படுத்துற ஆளுக்கு ஷாக் அடிக்காம, தீப்பிடிக்காம இருக்கணும்ங்கிற பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்துக்கங்க. ஒரு பொருள் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி லேப்ல நடக்கிற சோதனைகளில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

ஒரு மோட்டார் சைக்கிளின் தீப்பொறி

நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23 அன்று, சூலூர் பக்கத்துல இருக்கிற கலங்கல் கிராமத்துல. முழுப்பேர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆரம்ப வகுப்போட படிப்பு நின்னு போச்சு. வாலிப வயசுல ஒரு ஆங்கிலேய அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை எப்படியாவது வாங்கியே தீரணும்னு கோயம்புத்தூருக்கு வந்து, ஓட்டல்ல சர்வரா வேலை செஞ்சு காசு சேர்த்தார். வண்டியை வாங்கினதும் ஊர் சுத்தப் போகலை. போல்ட் போல்ட்டா கழட்டிப் போட்டுட்டு, திரும்ப மாட்டிப் பார்த்தார். அவர் படிச்ச முதல் இன்ஜினியரிங் பாடம் அதுதான்.

அந்த இன்ஜின்ல ஒரு ஸ்பார்க் பிளக் இருந்திருக்கும் இல்லீங்களா? அங்கதான் நம்ம கதை தொடங்குது. தீப்பொறின்னா வெறும் நெருப்பு மட்டும் இல்லை. மின்னோட்டம் சட்டுன்னு பாயும்போது பரந்த அலைவரிசையில ரேடியோ அலையும் கிளம்பும். ஹெர்ட்ஸ் 1880-களில் மின்காந்த அலையை நிரூபிச்சது தீப்பொறியை வச்சுத்தான். அப்படின்னா ரோட்டுல போற ஒவ்வொரு பெட்ரோல் வண்டியும், யாரும் கேட்காத ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். வண்டியும் ரேடியோவும் ஒரே தெருவுக்கு வந்து சேரும் வரைக்கும் இதை யாரும் பிரச்சினையா நினைக்கலை.

1920-ல் நாயுடு பஸ் தொழிலுக்கு வந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் கொடுத்து உதவ, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில ஒரே ஒரு பஸ் ஓடுச்சு. அதுதான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியா வளர்ந்து, 200-க்கும் மேல வண்டிகள் ஓடின. வண்டி நேரத்துக்குக் கிளம்பணும், நேரத்துக்குப் போய்ச் சேரணும்ங்கிறதுல அவர் ரொம்பக் கறாரான ஆள். டிக்கெட் கொடுக்க மெஷின் செஞ்சார். இன்னொண்ணு கவனிங்க: இன்ஜினோட அதிர்வைச் சோதிக்கவும் ஒரு கருவி செஞ்சார். வண்டி நடுவழியில நின்ன பிறகு ரிப்பேர் பார்க்கிறதைவிட, நிக்கும் முன்னாடியே கோளாறை அளந்து பிடிக்கணும்ங்கிறது டெஸ்டிங்கோட அடிப்படை. அதை அவருக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை.

இன்னைக்கு வண்டிகளோட ரேடியோ தொல்லைக்குன்னே தனி தரநிலை இருக்கு. சிஸ்பர் 12-னு பேர். இந்தியாவுல ஏ.ஐ.எஸ். 004-ங்கிற தரநிலைப்படி வண்டிகளைச் சோதிக்கிறாங்க. புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ.யிலும் சென்னை பக்கம் ஒரகடத்துல இருக்கிற ஆராய்ச்சி மையத்திலும் அதுக்கான லேப்கள் இருக்கு. இந்த சிஸ்பர் அமைப்புக்கான முடிவு 1933-ல் பாரிஸ்ல எடுக்கப்பட்டு, 1934-ல் வேலை தொடங்குச்சு. ரேடியோ கேட்கிறவங்க புகார் மேல புகார் சொன்னதுதான் காரணம். நாயுடுவோட பஸ்கள் கொங்கு நாட்டு ரோட்டுல ஓடிட்டு இருந்த அதே வருஷங்கள் அவை.

பீளமேட்டில் ஒரு மோட்டார்

1930-களின் தொடக்கத்துல பைகாரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்துச்சு. மில்கள் பெருகின, கிணத்துக்கு மோட்டார் போட விவசாயிகள் ஆசைப்பட்டாங்க. ஆனா மோட்டார் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. 1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் மின்மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுலேயே செஞ்ச முதல் மின்மோட்டார்னு அதைச் சொல்றாங்க. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். இன்னைக்கு கோயம்புத்தூரை பம்ப்செட் ஊர்னு நாடே சொல்றதுக்கு வேர் அங்கதான் இருக்கு. எங்க கொடுமுடி பக்கம் காவிரிக் கரையிலயும் வாய்க்கால் ஓரத்துலயும் ஓடுற மோட்டார்களில் கோயம்புத்தூர் சரக்கு எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சா முடியாது.

பம்ப்ல ஓடுற இண்டக்‌ஷன் மோட்டார் ஈ.எம்.சி. கணக்குல சாதுவான பிராணி. அதுல பிரஷ் இல்லை, அதனால தீப்பொறியும் இல்லை. ஸ்விட்ச் போடும்போது ஒரு டிக் சத்தம் ரேடியோவுல கேட்கும், அதோட சரி. ஆனா இப்ப அதே மோட்டாரை வேகம் மாத்தி ஓட்ட வி.எஃப்.டி. மாட்டறோம், சோலார் பம்ப்புக்கு இன்வெர்ட்டர் மாட்டறோம். அதுக்குள்ள இருக்கிற ஐ.ஜி.பி.டி. நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டி ஒட்டுது. ஒவ்வொரு வெட்டும் மைக்ரோசெகண்டை விடக் குறைஞ்ச நேரத்துல நடக்குறதால, மோட்டாருக்குப் போற கேபிளே ஆன்டெனா ஆகிடுது. கேபிளுக்கும் தரைக்கும் இடையில இருக்கிற கெப்பாசிட்டன்ஸ் வழியா வேண்டாத மின்னோட்டம் கசிஞ்சு, பக்கத்துல இருக்கிற சென்சார் தப்புத் தப்பா காட்டும், கன்ட்ரோலர் காரணமே இல்லாம ரீசெட் ஆகும். மேல வலை போட்ட கேபிள், உள்ளே வர்ற இடத்துல ஃபில்டர், சரியான எர்த்திங் இந்த மூணும் இல்லாட்டி தீராது. சாதுவா இருந்த மோட்டாரைச் சத்தக்காரனா மாத்தினது நம்ம தலைமுறை எலெக்ட்ரானிக்ஸ்தான்.

ரேசர், ரேடியோ, ஓட்டு மெஷின்

நாயுடுவோட பொருட்களில் வெளிநாடு வரை பேர் வாங்கினது ரேசன்ட் என்ற மின் ஷேவர். டிரை செல்லில் ஓடுற சின்ன மோட்டார் அதுக்குள்ள இருந்துச்சு. பாதுகாப்புக் கண்ணோட இதைப் பாருங்க. முகம் ஈரமா இருக்கும், கையும் ஈரமா இருக்கும். அந்த நேரத்துல உடம்புல ஒட்டி வச்சு ஓட்டுற கருவிக்கு மெயின்ஸ் மின்சாரமே வேண்டாம்னா ஷாக் பயம் அடியோட போச்சு. ஷேவருக்குன்னே இன்னைக்கு ஐ.இ.சி. 60335-ல் தனிப் பகுதி இருக்கு. அதுல பக்கம் பக்கமா எழுதியிருக்கிற இன்சுலேஷன் கவலைகளில் பாதி பேட்டரியில ஓடுற கருவிக்கு வராது. ஆபத்தைத் தடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த ஆபத்தே இல்லாத வடிவம் கிடைக்குமான்னு தேடணும். பாதுகாப்பு இன்ஜினியரிங்ல முதல் விதி இதுதான்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு அவர் அறிவிச்சார். அப்ப ரேடியோ பணக்கார வீட்டுப் பொருள். சென்னை நிலையம் 1938-லயும் திருச்சி நிலையம் 1939-லயும் வந்திருந்த நேரம் அது. எங்க ஊர்ல பிறந்து, மைக் இல்லாத மேடையிலேயே கடைசி வரிசை வரை குரலைக் கொண்டு போன கே.பி. சுந்தராம்பாள் மாதிரி பாடகிகளோட பாட்டை, டிக்கெட் வாங்காம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கேட்க வழி வேணும்னா ரேடியோ விலை குறையணும். நாயுடு குறி வச்சது அந்த விலையைத்தான்.

விலை குறைக்கும்போது எதுல கை வைக்கிறோம்ங்கிறதுதான் சிக்கல். அந்தக் காலத்து மலிவு ரேடியோக்கள் பலதுல, உலகம் முழுக்க, டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துட்டு நேரா மெயின்ஸ்ல மாட்டிடுவாங்க. பிளக்கைத் திருப்பி மாட்டினா உள்ளே இருக்கிற இரும்புச் சட்டமே லைவ் ஆகிடும். திருகு குமிழ் கழண்டு விழுந்த இடத்துல கை பட்டா ஆளே போயிடலாம். இன்னைக்கு ஐ.இ.சி. 62368-ல் மனுஷன் கை படற இடத்துல எவ்வளவு மின்சக்தி இருக்கலாம்னு வகை பிரிச்சு எழுதியிருக்காங்க. லேப்ல நடக்கிற ஹை-பாட் சோதனையும் கசிவு மின்னோட்ட அளவும் அதுக்காகத்தான்.

ரேடியோ வந்த பிறகுதான் மத்த கருவிகளோட தொல்லை காதுல விழ ஆரம்பிச்சுது. வீட்டுக் கருவிகள் மெயின்ஸ் வயர்ல தள்ளிவிடுற இரைச்சலுக்கு, மீடியம் வேவ் இருக்கிற பகுதியில சிஸ்பர் வச்சிருக்கிற எல்லை 56 டெசிபல் மைக்ரோவோல்ட். கணக்குப் போட்டா ஏறக்குறைய 0.63 மில்லிவோல்ட். 230 வோல்ட் ஓடுற வயர்ல ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கம்மியான இரைச்சல்தான் அனுமதி. அதை அளக்கிற முறையில இன்னொரு அழகு இருக்கு. எப்பவாவது வர்ற சத்தத்துக்குக் குறைவாவும், அடிக்கடி வர்ற சத்தத்துக்கு அதிகமாவும் மதிப்புப் போடற குவாசி-பீக் முறை அது. ரேடியோ கேட்கிற மனுஷனுக்கு எது எரிச்சல்ங்கிறதையே அளவுகோலா ஆக்கிட்டாங்க.

யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு மெஷினும் நாயுடுவோட கண்டுபிடிப்புகளில் ஒண்ணு. இன்னைக்கு எந்த முக்கியமான மின்னணுக் கருவிக்கும் இம்யூனிட்டி சோதனை உண்டு. 8,000 வோல்ட் நிலைமின்சாரத்தை நேரா தொட்டு வைப்பாங்க, வயர்ல சர்ஜ் அனுப்புவாங்க, ரேடியோ அலையில குளிப்பாட்டுவாங்க. அப்பவும் கருவி தன் வேலையில தப்பு செய்யக் கூடாது. வெளியிலிருந்து யாரும் எதுவும் ஆட்டி வைக்க முடியாதபடி இருக்கணும்ங்கிற எண்ணத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

கிடைக்காத லைசென்ஸ்

1945-ல் கோயம்புத்தூர்ல ஆர்தர் ஹோப் பேர்ல தொழில்நுட்பக் கல்லூரி வர நாயுடு முன்ன நின்னார், முதல்வராவும் இருந்தார். வருஷக் கணக்கில இழுக்கிற படிப்பைச் சுருக்கி, கையால வேலை செஞ்சு கத்துக்கணும்னு சொன்னார். அரசு ஒத்துக்கலை, அவர் விலகிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்னைக்கு ஜி.சி.டி. 1952-ல் 2,000 ரூபாய் விலையில ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணைக் கொண்டு வந்தார். தயாரிக்க அரசு லைசென்ஸ் தரலை. கார் அதோட நின்னு போச்சு. 1974 ஜனவரி 4 அன்று, 80 வயசுல அவர் இறந்தார்.

இங்க நீங்க ஒரு கேள்வி கேட்கலாம். அனுமதிச் சீட்டுகளால இவ்வளவு அடிபட்ட மனுஷனோட கதையில, கம்ப்ளையன்ஸ் டெஸ்டிங்கைப் புகழ்றது முரணா இல்லையா? டெஸ்ட் ரிப்போர்ட்டும் இன்னொரு லைசென்ஸ்தானே?

நியாயமான கேள்வி. 2012-ல் வந்த கட்டாயப் பதிவு ஆணைக்குப் பிறகு, பட்டியல்ல இருக்கிற மின்னணுப் பொருட்களை பி.ஐ.எஸ். பதிவு இல்லாம இந்தியாவுல விற்க முடியாது. கணபதியிலயோ பெருந்துறையிலயோ நாலு பேரை வச்சு சார்ஜர் செய்யற ஆளுக்கு அந்தச் செலவு சின்ன விஷயம் இல்லை. ஒரு தடவை ஃபெயில் ஆனா போர்டை மாத்தி, மறுபடி பணம் கட்டி, மறுபடி வரிசையில நிக்கணும். நாயுடு இன்னைக்கு இருந்திருந்தா இதுக்கும் சண்டை போட்டிருப்பார்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. 1952 லைசென்ஸ் முறையில, யார் எதை எத்தனை செய்யலாம்னு முடிவு பண்ண ஒரு அலுவலகம் போதும். காரை ஓட்டிப் பார்க்கணும்கிற அவசியமே இல்லை. டெஸ்ட் அப்படி இல்லை. அது செஞ்ச ஆள் யாருன்னு பார்க்காது, பொருளை மேஜையில வச்சு அளக்கும். மூணாவது கூடப் படிக்காத ஆள் செஞ்ச ரேடியோவுக்கும் பெரிய கம்பெனி ரேடியோவுக்கும் அதே 0.63 மில்லிவோல்ட்தான். பட்டம் இல்லாத நாயுடுவுக்கு நியாயம் கிடைக்கக்கூடிய இடம் அலுவலகம் இல்லை, லேப்தான். அதனால நாம கேட்க வேண்டியது டெஸ்ட் வேண்டாம்ங்கிறதை இல்லை. டெஸ்ட் பக்கத்துல கிடைக்கணும், மலிவா கிடைக்கணும்ங்கிறதைத்தான். சென்னையில சமீர் மையம் ஈ.எம்.சி. சோதனை செய்யுது. கோயம்புத்தூர்லயே சிட்டார்க் இருக்கு, அது இங்கத்த மோட்டார் பம்ப் தயாரிப்பாளர்கள் சங்கத்தோட முயற்சியில வந்தது. ஊர்க்காரங்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு லேப் அமைச்சுக்க முடியும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

கடைசியா உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி, பேட்டரியில ஓடுற பழைய மீடியம் வேவ் ரேடியோ ஒண்ணைத் தேடி எடுங்க. ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்துல முள்ளை வச்சு, உங்க போர்டுக்குப் பக்கத்துல கொண்டு போங்க. பவர் சப்ளை பக்கம் போகும்போது கீச்சுன்னு கத்தும், மோட்டார் டிரைவர் பக்கம் கரகரன்னு இரையும். எந்த இடத்துல அதிகமா கத்துதோ அங்க வயரைக் குறுக்கிப் பாருங்க, ஒரு ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்க, திரும்ப ரேடியோவைக் கொண்டு போங்க. லேப் ரிப்போர்ட்டுக்கு இது ஈடாகாது, ஆனா எங்கிருந்து தொல்லை கிளம்புதுன்னு காதுக்கே தெரிஞ்சிடும். செலவு ஒண்ணும் இல்லை, ஒரு சாயங்காலம் போதும்.