நாளுக்கு ஒரு குறிப்பு

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியலுக்கு முன்பே திருப்பாவை ஒலிக்கத் தொடங்கிவிடும். முப்பது பாசுரங்களில் அன்றைய நாளுக்கு உரியது எது என்பதை ஊர்ச் சிறுவர்களும் அறிவர். ஒரு நூலை நாளுக்கு ஒரு பகுதியாக மனத்தில் இருத்தும் வழக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு. ராஜபாளையத்தில் என்னுடன் பணியாற்றிய கிறிஸ்தவ ஆசிரியர்கள் சிலர், வேதாகமத்தில் ஒரு பகுதி, தியான நூலில் அந்தத் தேதிக்குரிய பக்கம், குறிப்பேட்டில் நான்கு வரி என்றுதான் நாளைத் தொடங்குவார்கள்.

அத்தகைய தியான நூல்களுள் உலகெங்கும் படிக்கப்படும் ஒன்று, எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் அதே மலைத்தொடரின் தென்கோடி அடிவாரத்தில் உருவானது. தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு என்று மலையை ஒட்டியே சென்றால் டோனாவூர் வரும். பெரியாழ்வார் பாடிய திருக்குறுங்குடி அதன் அருகில்தான் இருக்கிறது. அந்தச் சிற்றூரில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் எமி கார்மைக்கேல்.

அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867 டிசம்பர் 16 அன்று பிறந்தார்; ஏழு பிள்ளைகளில் மூத்தவர். பதினேழு வயதில் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே தொண்டாற்றினார். சீனாவுக்குச் செல்ல விரும்பியபோது உடல்நலம் போதாது என்று மறுக்கப்பட்டார். ஜப்பானில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1895 நவம்பரில் இந்தியா வந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் தாமஸ் வாக்கர் என்ற மறைப்பணியாளரிடம் தமிழ் கற்றார். பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களுடன் ஊர் ஊராகச் சென்றார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவர் வாழ்வின் திசை அன்று மாறியது. அவளைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் டோனாவூரில் வளர்ந்தனர். அவர்கள் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர்.

அவருடைய எழுத்து அனைத்தும் எனக்கு உடன்பாடானது அல்ல. 1903-இல் வெளிவந்த 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' என்ற நூலில் இந்து சமயத்தைப் பற்றிய பார்வை ஒருபக்கமானது என்பதே என் கருத்து. ஆனால் சிறுமியர் அர்ப்பணிக்கப்பட்ட கொடுமை கற்பனையன்று. அதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் என்னை உறுத்தும். தம் இல்லத்துக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் கொள்கை. பிரார்த்தனையே போதும் என்று அவர் நம்பினார். அவருடைய நூல்கள் பல நாட்டு வாசகர்களிடம் டோனாவூரைக் கொண்டு சேர்த்ததும் நன்கொடைகளுக்கு ஒரு காரணம் என்றே நான் கணக்கிடுவேன்.

அந்த நூல்கள் பலவும் நாள்தோறும் எழுதியவற்றிலிருந்து திரண்டவை. ஜப்பானிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களே அவருடைய தொடக்ககால நூலாயின. எழுதிய அளவுக்கு அவர் படிக்கவும் செய்தார். ஜூலியன் ஆஃப் நார்விச், ரிச்சர்ட் ரோல், சாமுவேல் ரதர்ஃபோர்ட் என்று பழைய பக்தர்களின் நூல்கள் அவருக்கு நெருக்கமானவை. 1916-இல் ஏழு இளம்பெண்களுடன் 'பொது வாழ்வின் சகோதரிகள்' என்ற குழுவைத் தொடங்கினார். தாமஸ் அ கெம்பிஸ் சார்ந்திருந்த பழைய நெதர்லாந்துக் குழுவின் பெயர்தான் அது. குழந்தையைக் குளிப்பாட்டுவதும் சமைப்பதும் வழிபாட்டுக்குக் குறைந்த வேலைகள் அல்ல என்பது அவர்களின் நெறி. உழைப்பைப் பற்றி நான் வகுப்பறையில் விளக்கிய கோட்பாடுகள் பலவற்றைவிட இது தெளிவானது.

எங்கள் வட்டாரத்தோடும் அவர் எழுத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் நான்காமிடம் பெற்ற தாமஸ் ராக்லண்ட், 1854 முதல் இந்த வடபகுதியில் கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்று, 1858-இல் சிவகாசியில் தமது 43-ஆம் வயதில் இறந்தார். வெளியே பெரிதாகச் சொல்லத்தக்க வெற்றி எதையும் காணாத வாழ்க்கை. அவருடைய வரலாற்றை 1922-இல் எமி எழுதினார். பிறருடைய வாழ்க்கை வரலாறும் அவருக்கு ஒரு தியான நூலாகவே இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் படிப்பும் எழுத்தும் அவருக்கு எவ்வளவு தேவைப்படும் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1931 அக்டோபர் 24 மாலை, களக்காட்டில் மருந்தகமாக்க எண்ணிய வீட்டைப் பார்வையிடச் சென்றார். மங்கிய வெளிச்சத்தில், அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்ற நம்பிக்கை பொய்த்தது. முறிவைத் தொடர்ந்து வேறு உபாதைகளும் சேர்ந்துகொண்டன. எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளையும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழித்தார்.

ஓடியாடிப் பெரிய இல்லத்தை நடத்தியவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? நோயாளிகளுக்கென்று எழுதப்பட்ட ஆறுதல் நூல்கள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் பல அவரைத் தொடவில்லை. நலமாக இருப்பவர் நோயுற்றவருக்கு எழுதும் ஆறுதலில் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவர் கண்டார். வலி தணிந்தபின் நினைவிலிருந்து எழுதாமல், வலி இருக்கும்போதே, நோயாளி நோயாளிக்கு எழுதினால் என்ன? அப்படி எழுதிய கடிதங்களின் தொகுப்புதான் 1933-இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. துன்பம் நன்மைக்கே என்று எளிதில் சொல்லிவிட்டு நகரும் நூலன்று அது. தூக்கம் வராத இரவும், கேட்டும் கிடைக்காத நலமும் அதில் உண்டு.

டோனாவூர்க் குடும்பத்துக்கும் அந்த அறையிலிருந்து குறிப்புகள் சென்றுகொண்டே இருந்தன. வேதாகமத்தின் ஒரு வசனம், அதைப் பற்றிச் சில வரிகள், அவ்வளவுதான். சோர்ந்திருக்கும் செவிலிக்கும், பிள்ளைகளோடு போராடும் ஆசிரியைக்கும் அன்றைக்குத் தேவையான அளவே அவற்றில் இருந்தது. அந்தச் சிறிய அளவுதான் அவற்றின் பலம் என்று தோன்றுகிறது. தளர்ந்திருப்பவர் நெடிய உரையைத் தாங்கமாட்டார். நான்கு வரியைத் தாங்குவார்.

1951 ஜனவரி 18 அன்று எமி காலமானார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். டோனாவூரில் அவ்விடத்தில் பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றுதான் இருக்கிறது. அவருடைய குறிப்புகளை டோனாவூரார் தேதிவாரியாகத் தொகுத்து, 1955-இல் 'எட்ஜஸ் ஆஃப் ஹிஸ் வேஸ்' என்ற நூலாக வெளியிட்டனர். யோபு ஆகமத்தில் வரும் ஒரு சொற்றொடரிலிருந்து எடுத்த தலைப்பு அது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு குறிப்பு உண்டு, அக்டோபர் 24-க்கும்.