நீருக்கடியில் ஒரு மூச்சு

மனிதன் மலையேறக் கற்றான். கடலில் கலம் செலுத்தவும் கற்றான். ஆனால், நீருக்கடியில் மீனைப்போல் உலவும் வழியை மட்டும் நெடுங்காலம் அறியாதிருந்தான். ஆழத்திற்குச் செல்ல விரும்பியவர்கள் கனமான உலோகத் தலைக்கவசமும் ஈயக் காலணிகளும் அணிந்து, மேலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை நம்பியே மூழ்கினர். அந்தக் குழாயிலிருந்து முக்குளிப்போரை விடுவித்தவர்களுள் ஒருவர், பிரெஞ்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோ.

கூஸ்தோ 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தார். இளமையில் கடற்படையில் சேர்ந்த அவருக்கு விமானியாக வேண்டும் என்பதே கனவு. 1936ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கைகள் முறிந்தன, அக்கனவும் கலைந்தது. கைகளுக்கு வலுவூட்டத் தூலோன் நகரக் கடலில் நாள்தோறும் நீந்தினார். அப்போது நண்பர் ஒருவர் கொடுத்த நீச்சல் கண்ணாடியை அணிந்து நீருக்குள் நோக்கினார். பாசியும் மீனும் தெளிவாகத் தெரிந்த அந்தக் காட்சி அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

காண்பது எளிதாயிற்று. அங்கேயே தங்கியிருப்பதுதான் கடினம். நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், கடல்மட்டத்துக் காற்றழுத்தத்திற்கு இணையான அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. நெஞ்சை நெருக்கும் அந்த அழுத்தத்தை எதிர்த்து நுரையீரல் விரிய வேண்டுமானால், சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் கிடைக்க வேண்டும். தூய உயிர்வாயுவைச் சுவாசித்து மூழ்கிப் பார்த்தார் கூஸ்தோ. ஆழத்தில் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கியது, உயிர்பிழைத்ததே பெரிது.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பற்றாக்குறையால் கார்களை எரிவாயுவில் ஓட்ட முயன்றனர். இயந்திரத்திற்குத் தேவைப்படும்போது மட்டும் வாயுவை விடும் கருவி ஒன்றை எமில் கான்யான் என்னும் பொறியாளர் உருவாக்கியிருந்தார். அதையே மனிதனின் மூச்சுக்கு ஏற்றவாறு மாற்றலாம் என இருவரும் முடிவு செய்தனர். மார்ன் ஆற்றில் நடந்த முதல் சோதனை நிறைவு தரவில்லை. படுத்த நிலையில் நன்கு இயங்கிய கருவி, நிமிர்ந்து நின்றால் காற்றை வீணாகக் கொட்டியது. காற்று வரும் வழியும் வெளியேறும் வழியும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததே அதற்குக் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைத்ததும் குறை நீங்கியது. 1943ஆம் ஆண்டு கோடையில், மத்தியதரைக் கடலில் கூஸ்தோ கயிறோ குழாயோ இன்றி உலவினார்.

கருவி வெற்றி பெற்றது. ஆயினும், ஆபத்து வேறு உருவில் காத்திருந்தது.

பிரான்சின் தென்பகுதியில் வோக்ளூஸ் என்னும் ஊர் உள்ளது. அங்கே செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில் குளிர்ந்த நீரூற்றுக் குளம் ஒன்று உண்டு. அமைதியாகக் கிடக்கும் அக்குளம், மலைப்பகுதியில் மழை பெய்து பனி உருகும் காலத்தில் திடீரெனப் பொங்கி ஆறாகப் பெருகும். அதன் மறைபொருளைக் கண்டறிய 1946ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கூஸ்தோவும் அவருடைய நண்பர் பிரெடெரிக் துமாவும் மூழ்கினர். இருள் சூழ்ந்த பாறைக் குகைக்குள் இறங்க இறங்க, இருவருக்கும் தலை கனத்தது, சிந்தனை மங்கியது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. துமாவின் உடைக்குள் நீர் புகுந்தது. அவர் தன்னுணர்வை இழக்கத் தொடங்கினார். கூஸ்தோ அவரைப் பற்றிக்கொண்டு, மேலே இழுக்குமாறு கயிற்றை அசைத்தார். மேலே நின்ற மொரிஸ் ஃபார்க் அந்தக் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார். இன்னும் கயிறு கேட்கிறார்கள் என எண்ணி அவர் கயிற்றைத் தளர்த்தினார். நல்ல வேளையாகச் சற்று நேரத்தில் ஐயம் கொண்டு கயிற்றை வேகமாக இழுத்தார். இருவரும் உயிர்தப்பினர்.

குளிரா, ஆழமா, அச்சமா? காரணத்தை ஊகித்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. உருளைகளில் எஞ்சிய காற்றைச் சோதித்தனர். அதில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. உருளைகளை நிரப்பிய இயந்திரம், தான் வெளியிட்ட புகையையே மீண்டும் உள்ளிழுத்திருந்தது. அந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவர்கள் உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது மலையடிக் குளமன்று. கரையில் நேர்ந்த கவனக்குறைவு. அவர்களைக் காப்பாற்றிய ஃபார்க், மறு ஆண்டில் எவ்வளவு ஆழம் இறங்க முடியும் என்பதைச் சோதித்த முயற்சியில் உயிர் நீத்தார். வோக்ளூஸ் குளத்தின் ஆழம் 308 மீட்டர் என்பதை 1985ஆம் ஆண்டில் ஆளில்லாக் கருவி ஒன்றுதான் கண்டறிந்தது.

கூஸ்தோ 1950களில் கலிப்சோ என்னும் கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றினார். முன்பு கண்ணிவெடி அகற்றப் பயன்பட்ட அக்கப்பல், அவரது கையில் மிதக்கும் ஆய்வுக்கூடமாக மாறியது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது திரைப்படம் பெரும்புகழ் பெற்றது. ஆனால், அதே படத்தில் அவரது குழுவினர் சுறாக்களைக் கொன்றனர். மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறையை வெடிவைத்துத் தகர்த்தனர். கடலை வியந்தவர்களே கடலுக்கு ஊறு செய்தனர். பிற்காலக் கூஸ்தோ அந்த வழியில் செல்லவில்லை. கதிரியக்கக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை 1960ஆம் ஆண்டில் எதிர்த்துக் குரல் கொடுத்தார்.

1968ஆம் ஆண்டில் அவருடைய குழு தென்னமெரிக்காவின் தித்திகாக்கா ஏரிக்குச் சென்றது. பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில், ஆண்டிஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் அந்த ஏரி அமைந்துள்ளது. இன்கா மக்களின் பொன் அங்கே மூழ்கிக் கிடப்பதாகப் பழங்கதை உண்டு. சிறு நீர்மூழ்கிகளையும் மலைமேல் ஏற்றிச் சென்றனர்.

உயரமான ஏரியில் மூழ்குவது கடலில் மூழ்குவதைப் போன்றதன்று. கடலில் 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தால் அழுத்தம் பாதியாகக் குறையும். தித்திகாக்காவிலோ அது ஐந்தில் இரண்டு பங்காகச் சரியும்; ஏனெனில், அங்கே காற்றின் அழுத்தமே குறைவு. மூடியைத் திறந்ததும் சோடா பொங்குவதுபோல, விரைந்து மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக மாறும், அது மூட்டுவலியை உண்டாக்கும், உயிரையும் பறிக்கலாம். எனவே, கடலுக்கு வகுத்த கணக்கு மலைக்குப் பொருந்தாது. அங்கே இன்னும் குறைந்த நேரம் மூழ்கி, இன்னும் மெதுவாக மேலேற வேண்டும்.

அங்கே கூஸ்தோ குழுவினர் பொற்குவியல் எதையும் காணவில்லை. மாறாக, ஏரியின் அடியில் பெருந்தவளைகளைக் கூட்டங்கூட்டமாகக் கண்டனர். தளர்ந்து மடிந்து தொங்கும் தோல் வழியாகவே அவை நீரிலுள்ள உயிர்வாயுவைப் பெறுகின்றன. மனிதன் இரும்பு உருளையைச் சுமந்து பெற்ற ஆற்றலை அந்தத் தவளை தன் தோலிலேயே கொண்டிருந்தது. பொன்னைத் தேடிச் சென்ற படப்பிடிப்பால், யாரும் கருதிப் பார்க்காத ஓர் உயிரினத்தை உலகம் அறிந்தது. இன்று அத்தவளை அழிவின் விளிம்பில் உள்ளது.

1996ஆம் ஆண்டு ஜனவரி மாதம், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் படகு ஒன்று மோதியதால் கலிப்சோ மூழ்கியது. பின்னர் அதை மீட்டெடுத்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 25ஆம் நாள், தமது 87ஆவது வயதில் கூஸ்தோ பாரிசில் மறைந்தார்.

இன்று உலகெங்கும் முக்குளிப்போர் அணியும் கருவிகள் அவரும் கான்யானும் வகுத்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. நீரில் இறங்குமுன் உருளையைச் சோதிப்பதும், துணையின்றி மூழ்காதிருப்பதும், மெல்ல மேலேறுவதும் அவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள். அந்த விதிகள் ஏட்டில் பிறந்தவை அல்ல. கூஸ்தோவும் ஃபார்க்கும் போன்றோர் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடங்கள்.