மேடைக் கலைஞர்களின் முகத்தைத் தேடிய கேமரா: யார் இந்த லயனல் வென்ட்?

உத்திரமேரூர் வட்டார கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் கூத்து இருக்கும். விடிய விடிய நடக்கும். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனன் வேஷக்காரர் வந்து நின்றதும் நாலு பக்கமும் செல்போன்கள் உயரும். அடுத்த நிமிஷம் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். படத்தில் துரியோதனன் தெரிவார். வேஷம் கட்டிய மனிதர் யார், எந்த ஊர் என்பது பெரும்பாலும் தெரியாது.

மேடைக் கலைஞரைப் படம் எடுப்பது என்றால் என்ன? உடையை எடுப்பதா, ஆளை எடுப்பதா? சுமார் 90 வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், இந்தக் கேள்வியைக் கேமராவால் கேட்டவர் லயனல் வென்ட். தெற்காசியாவின் முக்கியமான போட்டோகிராபர்களில் ஒருவர். நம் பக்கம் பலருக்குத் தெரியாத பெயர்.

அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம்

ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே மேடைக் கலைஞர்களைப் போர்ட்ரெய்ட் எடுப்பது பெரிய தொழிலாகிவிட்டது. பாரிஸில் நதார் என்பவரின் ஸ்டூடியோவுக்கு ஓபரா இசையமைப்பாளர் ரோஸினி, நடிகை சாரா பெர்னார்ட் போன்றவர்கள் வந்தார்கள். பின்னணியில் பெரிதாக எதுவும் இருக்காது. பார்ப்பவரின் கண் நேராக முகத்துக்குப் போகும். பின்னர் நியூயார்க்கில் மிஷ்கின் என்பவர் ஓபரா பாடகர் கரூசோவை எடுத்த படங்கள் ரசிகர்களிடையே பிரபலமாகின. பாடியவர்கள் பெயரோடு நினைவில் நின்றார்கள்.

இலங்கையின் கண்டி நடனக் கலைஞர்களுக்குக் கிடைத்தது வேறு மாதிரி. கொழும்பில் இருந்த வெள்ளைக்காரர்களின் ஸ்டூடியோக்கள் அவர்களைப் படமெடுத்து, கப்பலில் வரும் பயணிகளுக்குப் போஸ்ட் கார்டாக விற்றன. கீழே ‘பேயாட்டக்காரர்கள்’ என்பது போல ஒரு தலைப்பு, அவ்வளவுதான். 1880-களில் ஜெர்மனியின் ஹாகன்பெக் நிறுவனம் ஐரோப்பாவில் நடத்திய ‘சிலோன்’ காட்சிகளில் யானைகளோடு சேர்த்து இலங்கை மக்களையும் நடனக்காரர்களையும் நிறுத்தி டிக்கெட் விற்றார்கள்.

கண்டி நடனமோ, ‘கொஹொம்பா கங்காரிய’ என்ற சடங்கோடு சேர்ந்த கலை. நம் கூத்து போலவே விடிய விடிய நடப்பது. ‘வெஸ்’ என்ற தலை அணிகலன் தெய்வத்துக்குரியதாக மதிக்கப்படுகிறது. பரம்பரையாக ஆடி வந்தவர்கள் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். கலைக்குப் புனிதம் உண்டு. கலைஞருக்கு மரியாதை இல்லை. இதுவும் நமக்குப் பழகிய கதைதான்.

வக்கீல், பியானோ, கேமரா

வென்ட் பிறந்தது 1900 டிசம்பர் 3, கொழும்பில். அப்பா வழி பறங்கியர், அதாவது ஐரோப்பிய வழி வந்த இலங்கையர். அம்மா சிங்களக் குடும்பத்துப் பெண். அப்பா உச்ச நீதிமன்ற நீதிபதி. 1906-ல் தொடங்கப்பட்ட இலங்கையின் அமெச்சூர் போட்டோகிராபி சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரும்கூட. ஆக, கேமரா வீட்டிலேயே இருந்தது.

1919-ல் சட்டம் படிக்க லண்டன் போனார். படித்தது சட்டம் மட்டுமல்ல. ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் பியானோவும் கற்றார். 1924-ல் ஊர் திரும்பி, கொஞ்ச நாள் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார். கொழும்பில் கச்சேரி செய்யும் பியானோ கலைஞரானார். ஓவியர் ஜார்ஜ் கீட் போன்ற இளம் கலைஞர்களைத் தூக்கிவிட்டார். 1929-ல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்த கவிஞர் பாப்லோ நெருடாவும் அவருடைய நண்பரானார்.

போட்டோகிராபியில் தீவிரமாக இறங்கியது 1930-களின் தொடக்கத்தில்தான். அதன்பின் அவர் வாழ்ந்தது பத்து, பன்னிரண்டு வருஷம். இன்று அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தச் சின்ன இடைவெளியில் எடுத்த படங்களுக்காக.

டீ விளம்பரத்துக்குள் ஒரு நடனம்

1934-ல் இங்கிலாந்தின் பேசில் ரைட், இலங்கைத் தேயிலை வாரியத்துக்காக ஒரு டாக்குமென்டரி எடுக்க வந்தார். ஊரைப் புரிந்துகொள்ள உதவியவர் வென்ட். ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற அந்தப் படத்தின் பின்னணிக் குரலும் அவருடையதுதான். 17-ம் நூற்றாண்டில் கண்டி அரசில் கிட்டத்தட்ட 20 வருஷம் சிறைப்பட்டுக் கிடந்த ராபர்ட் நாக்ஸ் எழுதி, 1681-ல் வெளியான புத்தகத்திலிருந்து அவர் வாசித்தார்.

படம் நாலு பகுதி. கடைசிப் பகுதியின் தலைப்பு, ‘கடவுளின் ஆடை’ என்று பொருள்படுவது. கலைஞர்கள் அணிகலன்களைப் பூட்டிக்கொண்டு கண்டி நடனம் ஆடுவது அதில்தான் வருகிறது. தேயிலையை விற்க எடுத்த படம், கடைசியில் நடனக்காரர்களிடம் போய் முடிகிறது. 1935-ல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது.

வென்ட் தனியாகவும் கண்டி நடனக் கலைஞர்களைப் படமெடுத்தார். அந்தக் கலைக்கு ஆதரவாகவும் நின்றார். மீனவர்கள், விவசாயிகள், கிராமத்துப் பெண்கள், இளைஞர்களின் உடல் என அவர் கேமரா பார்க்காத ஆள் இல்லை. ஆண் உடலை அழகின் பொருளாகக் காட்டிய படங்கள் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானவை.

டார்க் ரூமில் என்ன செய்தார்?

கிளிக் செய்வது அவருக்குப் பாதி வேலைதான். டெவலப் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு கணம் வெளிச்சம் காட்டினால், படத்தின் சில இடங்களில் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும். உருவத்தைச் சுற்றி மெல்லிய கோடு விழும். இதற்கு சோலரைசேஷன் என்று பெயர். ஐரோப்பாவில் மேன் ரே கையாண்ட இந்த உத்தியை வென்ட் கொழும்பில் செய்து பார்த்தார். பல படங்களை ஒட்டிச் சேர்க்கும் மான்டேஜும் செய்தார். இன்று ஃபில்டரில் ஒரு தட்டலில் வருவது, அன்று கைப்பக்குவம்.

1938-ல் லண்டன் கேமரா கிளப்பில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1943 ஆகஸ்டில் கொழும்பில் அவர் வீட்டில் கூடிய ஓவியர்கள் ‘43 குரூப்’பைத் தொடங்கினார்கள். இலங்கை நவீன ஓவியத்தின் திருப்புமுனை அது.

நெகட்டிவ்கள் எங்கே?

அதற்கு ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. 1944 டிசம்பரில் வென்ட் திடீரென இறந்தார். வயது 44. அவர் மறைவுக்குப் பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியது, அவர் காலத்திலேயே போட்ட பிரின்ட்டுகளும் புத்தகமும். தேர்ந்தெடுத்த படங்களின் தொகுப்பு 1950-ல் லண்டனில் வெளியானது. அவர் வீடு இருந்த இடத்தில் 1953-ல் லயனல் வென்ட் அரங்கு திறக்கப்பட்டது. மேடைக் கலைஞர்களைப் படமெடுத்தவர் பெயரில் ஒரு மேடை. இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. 2017-ல் ஆம்ஸ்டர்டாமின் ஹுயிஸ் மார்சேய் அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது.

இதில் ஒரு குறையும் உண்டு. வென்ட் வசதியான, ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை. அவர் எதிரே நின்றவர்களில் பலர் ஏழைகள். படங்கள் பலவும் தலைப்பில்லாமலோ பொதுவான தலைப்போடோதான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. போஸ்ட் கார்டு தராத கண்ணியத்தை அவர் கேமரா தந்தது. ஆனால் எடுத்தவர் பெயர் நின்ற அளவுக்கு, நின்றவர்கள் பெயர் நிற்கவில்லை.

உத்திரமேரூர் பக்கம் கூத்து மேடைக்கு எதிரே இன்று நிற்பவர்கள் கையில், வென்ட்டிடம் இருந்ததைவிட வசதியான கேமரா இருக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்ய டார்க் ரூம் எதுவும் வேண்டாம். படத்துக்குக் கீழே ஒரு வரி போதும்: கலைஞர் பெயர், ஊர், கட்டிய வேஷம், தேதி. ஒரு பிரின்ட் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. வென்ட்டின் படங்களில் பிழைத்து வந்தவை பிரின்ட் போட்டவைதான்.