ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ்

பழுப்பு நிலக்கரிக்குப் பெயர்பெற்ற நெய்வேலியைச் சூழ்ந்து முந்திரித் தோப்புகளும் புதர்களும் பரந்துள்ளன. அவற்றினூடே ஆடுமாடுகள் மேயும், சிறுவர் ஓடியாடுவர். கால்நடைகளின் காதிலும் மடியிலும் ஒட்டிக் குருதியை உறிஞ்சும் உண்ணியை அச்சிறுவருள் அறியாதார் இலர். நாயின் காதினின்று அதனைப் பிடுங்கி நகத்தால் நசுக்குதல் அவர்க்கு ஒரு விளையாட்டு. எட்டுக் கால்களையுடைய அவ்வுயிர் கொடிய காய்ச்சலையும் சுமந்து திரியக்கூடும் என்பதை ஐயமற மெய்ப்பித்தவர் ரிக்கெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர்.

அவர் 1871-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். 1897-இல் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின்னர்ச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் ஆசிரியராய் அமர்ந்தார்.

அந்நாளில் மான்டானா மாநிலத்துப் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் வேனிற்காலந்தோறும் ஒரு காய்ச்சல் தோன்றி மக்களை வாட்டியது. கடுந்தலைவலியோடு உடலெங்கும் செம்புள்ளிகள் படரும். நோயுற்ற பதின்மரில் எழுவரோ எண்மரோ மாள்வர். உருகிய பனிநீரைப் பருகுவதால் வருவது என்றனர் ஊரார். உண்ணியே காரணம் எனச் சிலர் முன்னரே கூறியிருந்தனர். வேறு சிலர் அதனை மறுத்தனர். நிலம் விற்போர்க்கோ அப்பேச்சே கசந்தது. உண்ணி மலிந்த நிலத்தை எவர் வாங்குவர்?

1906-இல் ரிக்கெட்ஸ் அங்குச் சென்றார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்து, கினிப்பன்றிகளைக் கொண்டு ஆய்வு தொடங்கினார். நோயுற்ற கினிப்பன்றியின்மேல் ஓர் உண்ணியைக் குருதி உண்ணவிட்டு, பின் அதனையே நலமுள்ள மற்றொன்றின்மேல் விட்டார். சில நாளில் அதற்கும் காய்ச்சல் கண்டது. அதனோடு அவர் அமையவில்லை. தாய் உண்ணியின் முட்டை வழியே குஞ்சுகளுக்கும் நோய் இறங்குதலைக் கண்டறிந்தார். நோயாளர் குருதியிலும் உண்ணியின் முட்டைகளிலும் மிக நுண்ணிய உயிரிகளை நுண்ணோக்கியிற் கண்டு 1909-இல் வெளியிட்டார். ஆயினும் சான்று முற்றுப்பெறும்வரை அவற்றுக்குப் பெயரிட முன்வந்தாரில்லை. இவ்வடக்கம் அறிஞரிடத்தும் எளிதிற் காணப்படுவதன்று.

இக்காய்ச்சலுக்கு உறவான உண்ணிக் காய்ச்சல் இந்தியாவிலும் உண்டு. குமாவூன் மலைப்பகுதியில் கண்ட அதனை 1917-இல் மெகா என்னும் மருத்துவர் விளக்கி எழுதினார். தமிழகத்துக் குழந்தைகளிடையும் அது காணப்படுகிறது. நம் மக்கள் உண்ணிக் காய்ச்சல் என வழங்கும் புதர்க்காய்ச்சலோ உண்ணியால் வருவதன்று. அதன் உறவினமான சிற்றுண்ணியின் இளங்குஞ்சு கடித்தலால் வருவது. கடித்த இடத்திற் பலருக்குக் கரும்பொருக்கு ஒன்று காணும். இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் என்னும் மருந்து தணிக்கும். ஆதலின் காய்ச்சலுற்ற பிள்ளை புதரிடை விளையாடியதையும் உண்ணி கடித்ததையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். தோலில் ஒட்டிய உண்ணியை நசுக்கலாகாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பற்றி நேரே இழுத்தெடுக்க வேண்டும்.

ரிக்கெட்ஸ் காலத்தில் அத்தகைய மருந்து யாதும் இல்லை. மான்டானா மாநிலத்தார் ஆராய்ச்சிக்குரிய பொருளைத் தரக் காலந் தாழ்த்தவே, அவர் 1909-ஆம் ஆண்டின் இறுதியில் மெக்சிகோ நகருக்குச் சென்றார். அங்கு ஏழையரைக் கொன்றுவந்த டைபசுக் காய்ச்சலை வைல்டர் என்னும் இளைஞரோடு ஆராய்ந்தார். அது சீலைப்பேனால் பரவுவது என நிகோல் என்பார் தூனிசு நகரிற் கண்ட உண்மையை அவர்களும் உறுதி செய்தனர். பணி நிறைவுறும் நிலையில் அக்காய்ச்சலே ரிக்கெட்சையும் பற்றியது. 1910-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், தம் முப்பத்தொன்பதாம் வயதில், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு அவர் உயிர்நீத்தார்.

ஆறாண்டு கழித்து, ரோச்சா லீமா என்னும் பிரேசில் நாட்டு அறிஞர் டைபசு நோயின் கிருமிக்குப் பெயரிட்டார். அதே நோயை ஆராய்கையில் மாண்ட புரோவாசெக் என்பாரின் பெயரை இறுதியிலும், ரிக்கெட்சின் பெயரை முதலிலும் வைத்தார். அன்றுமுதல் அவ்வினக் கிருமிகள் யாவும் ரிக்கெட்சியா என்றே வழங்கப்படுகின்றன.