அருளானந்தர்: ஒரு தாய் விட்டுக்கொடுத்த பிள்ளை

மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கன்னு எங்க குழு ஊக்குநர் கேட்டாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது அருளானந்தர்தான். நம்ம கோச்சடைக்குப் பக்கத்துல ஞானஒளிவுபுரத்தில பிரிட்டோ பள்ளிக்கூடம் இருக்கு. தேனி ரோட்டுல போனா கருமாத்தூரில அருளானந்தர் கல்லூரி இருக்கு. பிரிட்டோவும் அருளானந்தரும் ஒரே ஆள்தான்னு நம்மில் பல பேருக்குத் தெரியாது. போன மாசம் கூட்டத்துல கேட்டுப் பார்த்தேன், ரெண்டு பேருக்குத்தான் தெரிஞ்சது.

அவர் பிறந்தது 1647 மார்ச் 1-ஆம் தேதி, போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்தில். பெயர் ஜான் டி பிரிட்டோ. பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா பிரேசில் நாட்டில ஆளுநரா இருந்து அங்கேயே இறந்துட்டார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். கணவர் இல்லாம பிள்ளை வளர்க்கிற கஷ்டம் அரண்மனை வீடானாலும் குடிசை வீடானாலும் ஒண்ணுதான்.

சின்ன வயசிலேயே ஜான் அரண்மனைக்குப் போய் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தார். நடுவுல கடுமையான காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டான்னு வைத்தியர்கள் கைவிட்டாங்க. அம்மா புனித சவேரியாருக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பிள்ளை பிழைச்சா சவேரியார் போட்டிருந்த மாதிரி சேசு சபைக் குருக்களோட அங்கியை ஒரு வருஷம் போட்டு விடுறேன்னு நேர்த்தி. பிள்ளை பிழைச்சது. சொன்னபடியே அங்கி தைச்சுப் போட்டு விட்டாங்க. நம்ம ஊர்ல நேர்த்திக்கடனுக்குப் பிள்ளைக்கு மஞ்ச வேட்டி கட்டி விடுறோமே, அது மாதிரிதான்.

ஆனா பாருங்க, ஒரு வருஷம் முடிஞ்சு அம்மா கழற்றி வெச்ச அங்கியை 15 வயசில பிள்ளை தானே போய் எடுத்து மாட்டிக்கிட்டார். 1662-இல் சேசு சபையில சேர்ந்தார். பிறகு இந்தியாவுக்குப் போறேன்னு சொன்னார். கப்பல்ல ஏறினவங்கள்ல பல பேர் கரை சேராத காலம் அது. அந்த அம்மா விடல. அழுதாங்க, பெரிய இடத்துல எல்லாம் சொல்லித் தடுக்கப் பார்த்தாங்க, போப்பாண்டவரோட தூதர் வரைக்கும் போனாங்க. எதுவும் நடக்கல. 1673-இல் மகன் கப்பல் ஏறிட்டார். புனிதர் கதை எழுதுறவங்க இந்த இடத்தை ரெண்டு வரியில தாண்டிடுவாங்க. எனக்கு அப்படித் தாண்டிப் போக முடியல. என் மகன் வேலைக்குன்னு சென்னைக்குப் போனப்பவே நான் மூணு நாள் சரியாச் சாப்பிடல.

கோவா வந்து, அங்கிருந்து 1674-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். மதுரை மறைப்பணித் தளம்னு அதுக்குப் பேர். அதுக்கு முன்னாடியே 1606-இல் தத்துவ போதகர் என்கிற ராபர்ட் டி நொபிலி நம்ம மதுரைக்கு வந்து காவி கட்டித் தமிழ் படிச்சவர். பிரிட்டோவும் அதே வழியில போனார். ஆனா அவர் எடுத்தது பண்டாரச் சாமி கோலம். அந்தக் கோலத்தில இருந்தா ஏழை எளியவங்க வீட்டுப் பக்கமும் போகலாம். காவி, கையில தடி, காதில கடுக்கன், கறி மீன் கிடையாது, ஒரு வேளைச் சோறும் கீரையும். அருளானந்தர்னு பேர் வெச்சுக்கிட்டார். செஞ்சிப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம், மறவர் நாடுன்னு நடையா நடந்தார்.

1686-இல் மறவர் நாட்டில பிடிச்சுட்டாங்க. அவர் கூட இருந்த உபதேசியார்களுக்கும் அடி. குளத்துல முக்கி முக்கி எடுத்தாங்க, வெயில்ல கொதிக்கிற கல்லு மேல கிடத்தி மிதிச்சாங்க. கடைசியில கிழவன் சேதுபதி விடுதலை பண்ணி, இனி இந்த நாட்டில போதிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டார்.

அடுத்த வருஷம் சபை வேலையா லிஸ்பனுக்கு அனுப்பினாங்க. அம்மா மகனைப் பார்த்தாங்க. கூட வளர்ந்த பேதுரு இப்போ ராஜா. இங்கேயே இரு, என் மகனுக்குப் படிப்பு சொல்லிக் கொடுன்னு கெஞ்சினார். உடம்பெல்லாம் தழும்பு, 40 வயசு தாண்டியாச்சு, அரண்மனையில ஓய்வா இருக்கலாம். அவர் அங்கேயும் தரையில படுத்து, கறி தொடாம, காவியோடதான் இருந்தாராம். கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டு 1690-இல் திரும்ப வந்துட்டார். அம்மாவுக்கு ரெண்டாம் தடவை பிரிவு.

அப்போ மதுரையை ஆண்டது ராணி மங்கம்மாள். இப்போ காந்தி மியூசியமா இருக்கிற தமுக்கம் அரண்மனை அவங்களோடது. ஆனா மறவர் நாடு சேதுபதி கையில இருந்தது. அங்கே தடியத்தேவர்னு ஒரு அரச குடும்பத்தார் தீராத நோயில கிடந்தார். உபதேசியார் வந்து ஜெபிச்சு நோய் தீர்ந்ததுன்னு ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவிமார் பலர். ஒருத்தியோடு மட்டும்தான் வாழணும்னு அருளானந்தர் சொல்ல, அவர் மூத்தவங்களை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்தவங்களுக்குச் சோறு துணி குறைவில்லாம கொடுத்து உடன்பிறந்தவங்களா நடத்துறேன்னு சொல்லிட்டார். 1693 ஜனவரி 6-இல் ஞானஸ்நானம்.

விலக்கப்பட்டவங்கள்ல கடலாயி என்கிறவங்க சேதுபதிக்கு அண்ணன் தம்பி வழி மகள் முறை. அவங்க அழுதுக்கிட்டே போய் முறையிட்டாங்க. கோயில் பிரசங்கத்துல அவங்களைக் கெட்ட பொம்பளையாத்தான் சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல. ஒரு நாள் காலையில புருஷன் வந்து இனிமே நீ எனக்குத் தங்கச்சின்னு சொன்னா எந்தப் பொண்ணு சும்மா இருப்பா? அவர் சொன்ன தர்மம் சரிதான், ஒருத்தனுக்கு ஒருத்திதான் நமக்கும் நியாயம். ஆனா அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தது அந்த வீட்டுப் பொம்பளைகளும்தான். அதையும் எழுதணும்னு தோணுச்சு.

ரெண்டே நாள்ல, ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தரைப் பிடிச்சு ராமநாதபுரத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கேயே கொன்னா கலகம் வரும்னு சேதுபதி அவரைத் தன் தம்பி இருந்த ஓரியூருக்கு அனுப்பி, ரகசியமா ஆணையும் அனுப்பினார். சிறையில மை கிடையாது. கரியைத் தண்ணியில கரைச்சு, வைக்கோல் துரும்பால பிப்ரவரி 3-ஆம் தேதி கடிதம் எழுதியிருக்கார். சாவுக்குப் பயந்த ஆள் எழுதின கடிதம் இல்ல அது, சந்தோஷமா எழுதியிருக்கார். மறுநாள் சாம்பல் புதன். ஊருக்கு வெளியே மணல் மேட்டில முழங்கால் போட வெச்சாங்க. கழுத்தில தொங்கினதை மந்திரத் தாயத்துன்னு வெட்டுறவர் பயந்து, கை வைக்காம கத்தியாலேயே அறுத்தாராம். பிறகு தலை போச்சு. வயசு 45.

எங்க வீட்டுப் பக்கம் சாவு விழுந்தா நித்திய இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம். வேலையெல்லாம் முடிச்சுட்டுக் கடவுள்கிட்டப் போய் அமைதியா உட்கார்றதுதான் அது, முடிவில்லாத ஓய்வு. அருளானந்தர் உடம்புக்கு ஒரு குழி கூடக் கிடைக்கல. கம்பத்தில கட்டிப் போட்டதை மழையும் நரியும் கொண்டு போனதுக்கு அப்புறம் மிஞ்சின எலும்பைத்தான் பொறுக்கினாங்க. லிஸ்பன்ல கிடைச்சிருக்க வேண்டிய ஓய்வை வேண்டாம்னு வந்தவர் எந்த ஓய்வை நம்பி வந்தார்னு அந்த மணல்ல நிக்கும்போதுதான் எனக்குப் புரிஞ்சது. 1947 ஜூன் 22-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர்னு அறிவிச்சார்.

ஓரியூருக்கு மதுரையில இருந்து சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாப் போகணும். சுத்தி வெள்ளை மண்ணா இருக்க, அந்த இடத்தில மட்டும் மண் சிவப்பா இருக்கும். எல்லா மதத்துக்காரங்களும் வந்து நேர்ந்துக்கிறாங்க. பிள்ளை வரம் கேட்டு வர்றவங்க அதிகம். நானும் கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு எங்க அம்மாவோட போய், அந்த மண்ணைக் கொஞ்சம் முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தவதான்.

மகன் வெட்டுப்பட்ட சேதி லிஸ்பன் போய்ச் சேர ரொம்ப நாள் ஆச்சு. ராஜா அந்த அம்மாவை அரண்மனைக்கு வரச் சொன்னார். துக்க உடுப்போட வர வேண்டாம், திருநாளுக்கு உடுத்துற மாதிரி உடுத்திட்டு வரணும்னு சொல்லி அனுப்பினார். போப்பாண்டவர் தூதர் வரைக்கும் போய்த் தடுத்துப் பார்த்த அந்தத் தாய், கறுப்பு உடுப்பை மடிச்சு வெச்சுட்டு, நல்ல உடுப்பு உடுத்திக்கிட்டுப் போனாங்க.