மீனுக்கு முன் தண்ணீரைப் படித்தவர்: ஆல்பிரட் ரஸல் வாலஸ்



நீலமும் சிவப்புமாக மின்னும் நியான் டெட்ரா மீன்களை வாங்கி வருகிறீர்கள். கப்பியும் மோலியும் நன்றாக வளர்கிற தொட்டியில், அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் விடுகிறீர்கள். சில நாட்களில் நிறம் மங்குகிறது. ஒன்றிரண்டாகச் செத்து மிதக்கின்றன. பிழைத்தவை முட்டையிட்டாலும் குஞ்சு பொரிப்பதில்லை. தீவனத்தை மாற்றுகிறீர்கள், மருந்து போடுகிறீர்கள், கடைசியில் மீன் விற்றவர் மேல் வருத்தப்படுகிறீர்கள்.

பெரும்பாலும் குறை மீனில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. நியான் போன்ற டெட்ரா மீன்களின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளும் அதைச் சுற்றியுள்ள ஆறுகளும். அந்த ஆறுகளின் தண்ணீர் ஒரே மாதிரியானது அல்ல என்று சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதி வைத்தவர் ஆல்பிரட் ரஸல் வாலஸ். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், உங்கள் தொட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும்.

நிலம் அளந்த இளைஞர்

வாலஸ் 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அஸ்க் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை போட்ட முதலீடுகள் நஷ்டமானதால் குடும்பம் நொடித்துப் போனது. 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அதன்பின் அவர் கல்லூரிப் பக்கமே போகவில்லை.

அண்ணன் வில்லியமிடம் நில அளவைத் தொழில் கற்றார். சங்கிலி பிடித்து வயல் வயலாக அளப்பதும் வரைபடம் போடுவதும்தான் வேலை. வேல்ஸ் கிராமங்களில் சிறு விவசாயிகளின் வறுமையை நேரில் பார்த்தார். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலங்கள் வேலி போடப்பட்டுத் தனியார் கைக்குப் போனதையும் பார்த்தார். அந்த அநியாயம் கடைசிவரை அவர் மனதை உறுத்தியது. 1881இல் நிலச் சீர்திருத்தத்துக்காகத் தொடங்கப்பட்ட சங்கத்துக்குத் தலைவரானார். நிலத்தைப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்று 1882இல் ஒரு நூலும் எழுதினார்.

அளவைத் தொழில் அவருக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. எதையும் இடத்தோடு சேர்த்துப் பார்ப்பது ஒன்று, பார்த்ததை அன்றே எழுதுவது அல்லது வரைவது இன்னொன்று. பின்னாளில் அவரைக் காப்பாற்றியவை இந்தப் பழக்கங்கள்தான்.

அமேசான் பயணம்

சிறிது காலம் லெஸ்டர் நகரில் ஆசிரியராக வேலை பார்த்தபோது, வண்டு சேகரிப்பதில் ஆர்வமுள்ள ஹென்றி வால்டர் பேட்ஸ் நண்பரானார். உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற கேள்வி இருவரையும் பிடித்துக்கொண்டது. பணவசதி இல்லை. பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து லண்டனில் இருந்த முகவர் மூலம் விற்று, அந்த வருமானத்தில் ஆராய்ச்சி செய்வது என்று முடிவெடுத்தார்கள். 1848இல் கப்பலேறி பிரேசிலின் பரா துறைமுகத்தில் இறங்கினார்கள். இன்று அந்த ஊரின் பெயர் பெலேம்.

1850இல் நண்பர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்தனர். பேட்ஸ் அமேசானின் மேல்பகுதியான சோலிமோயிஸ் ஆற்றின் வழியே சென்றார். வாலஸ் ரியோ நீக்ரோ ஆற்றில் ஏறினார். ரியோ நீக்ரோ என்றால் போர்த்துகீசிய மொழியில் கறுப்பு ஆறு என்று பொருள்.

இரண்டு ஆறுகளும் இன்றைய மனவுஸ் நகருக்கு அருகில் சேர்கின்றன. சோலிமோயிஸ் சேறு கலந்து, பால் விட்ட தேநீர் நிறத்தில் வரும். ரியோ நீக்ரோ கடுங்காப்பி நிறத்தில் வரும். இரண்டும் உடனே கலப்பதில்லை. பல கிலோமீட்டர் தூரம் பக்கம் பக்கமாகவே ஓடும். வெப்பம், வேகம், அடர்த்தி மூன்றும் வேறுபடுவதே காரணம்.

மூன்று வகைத் தண்ணீர்

வாலஸ் அமேசான் ஆறுகளை வெண்ணீர், நீலநீர், கருநீர் என்று மூன்றாகப் பிரித்தார். வண்டல் சுமந்து கலங்கி வருவது வெண்ணீர். பாறைப் பாங்கான மேட்டு நிலங்களிலிருந்து தெளிந்து வருவது நீலநீர். காட்டில் உதிர்ந்த இலைகளும் வேர்களும் மக்கி, அதன் சாறு இறங்கிய நீர் கருநீர். கருநீர் ஆறுகளின் கரையில் கொசுத்தொல்லை மிகக் குறைவு என்பதையும் குறித்து வைத்தார்.

பின்னால் வந்த விஞ்ஞானிகளும் இந்தப் பிரிவையே அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தார்கள். கருநீரின் கார அமில நிலை சுமார் 4 முதல் 5 வரைதான். அதாவது நல்ல அமிலத்தன்மை உள்ள நீர். சுண்ணாம்பு, மெக்னீசியம் போன்ற உப்புகள் அதில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அந்தப் பகுதியின் வெள்ளை மணல் நிலம் தண்ணீருக்குக் கொடுக்க உப்பு எதையும் வைத்திருக்கவில்லை.

இந்த நீரில்தான் கார்டினல் டெட்ரா வாழ்கிறது. மனவுஸ் பகுதியில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே ஆற்றின் மட்டம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். வெள்ளக் காலத்தில் கரையோரக் காடுகள் மாதக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடக்கும். டெட்ராக்கள் அந்தக் காட்டுக்குள் புகுந்து, மர நிழலில், இலைக் குப்பைக்கு நடுவே சிறு பூச்சிப் புழுக்களையும் நுண்ணிய நீர் உயிரிகளையும் தின்று வாழும். அங்கே வெளிச்சம் குறைவு. இருண்ட நீரில் கூட்டத்தை ஒன்றாக வைத்திருக்க அந்த மின்னும் கோடு உதவுகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

ஊர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம்

வாலஸ் ரியோ நீக்ரோவிலும் அதன் கிளையான வாவ்பெஸ் ஆற்றிலும் 1852 வரை சுற்றினார். பழங்குடி மக்களின் படகில் போனார், அவர்களோடு தங்கினார், அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார். உள்ளூர் மீனவர்கள் பிடித்துவந்த மீன்களைப் பென்சிலால் வரைந்தார். துடுப்பு, பல், செதில் பற்றிய குறிப்புகளையும் எழுதினார்.

ஒரு குரங்கு ஆற்றின் இந்தக் கரையில் இருக்கும், எதிர்க்கரையில் இருக்காது. உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குறிப்பிட்ட விலங்கு வேண்டுமென்றால் அவர்கள் ஆற்றைக் கடந்து போவார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலோ இடத்தை மேலோட்டமாகத்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த உயிர் எந்த இடத்தில் கிடைத்தது என்று துல்லியமாக எழுதாவிட்டால் சேகரிப்புக்கு மதிப்பில்லை என்பதை வாலஸ் உணர்ந்து, 1852 டிசம்பரில் லண்டனில் ஒரு கட்டுரையாக வாசித்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. மலேரியாக் காய்ச்சலில் பல வாரம் படுத்துக் கிடந்தார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட் 1851இல் பராவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். மேல் ஆற்றில் இருந்த அண்ணனுக்கு அது உறுதியாகத் தெரியவே பல மாதமாயிற்று.

நடுக்கடலில் எரிந்த உழைப்பு

1852 ஜூலை 12ஆம் தேதி பராவிலிருந்து ஹெலன் என்ற கப்பலில் ஊர் திரும்பினார். ஆகஸ்டு 6ஆம் தேதி நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. உயிரோடு கொண்டுவந்த குரங்குகள், பறவைகள், பெட்டி பெட்டியாகப் பூச்சிகள், நாட்குறிப்புகள் என்று ஏறக்குறைய எல்லாமே எரிந்தன. ஒழுகும் படகுகளில் 10 நாட்கள் மிதந்த பிறகு, அந்த வழியே வந்த கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது.

புகை சூழ்ந்த அறைக்குள் போய் அவர் எடுத்து வந்தது ஒரு சிறு தகரப் பெட்டி. அதில் மீன் படங்கள், பனை வகை மரங்களின் படங்கள், சில குறிப்புகள் இருந்தன. நான்கு ஆண்டு உழைப்பில் கையில் மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். லண்டன் முகவர் முன்யோசனையோடு சரக்குக்குக் காப்பீடு எடுத்திருந்ததால் சிறு தொகை கிடைத்தது. அதை வைத்துத்தான் நாளை ஓட்டினார்.

மிஞ்சிய படங்களையும் குறிப்புகளையும் கொண்டு அடுத்த ஆண்டே, 1853இல், இரண்டு நூல்களை வெளியிட்டார். 1854இல் மறுபடி கிளம்பி இன்றைய மலேசியா, இந்தோனேசியா பகுதிகளில் 8 ஆண்டுகள் சுற்றினார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோதுதான், சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் அவருக்குத் தெளிவானது. 1858இல் அவருடைய கட்டுரையும் டார்வினின் எழுத்துகளும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் வாலஸ். 1913 நவம்பர் 7ஆம் தேதி, 90 வயதில் காலமானார்.

தீயிலிருந்து தப்பிய 200க்கும் மேற்பட்ட மீன் படங்கள் லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2002இல் பிரேசிலில் அவை முழு நூலாக வெளிவந்தன. அவர் சுற்றிய ரியோ நீக்ரோவின் கார்டினல் டெட்ராவுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்தது 1956இல்தான். இன்று அந்த ஆற்றங்கரையில் பார்சிலோஸ் என்ற ஊரைச் சுற்றிலும் பல குடும்பங்கள் இந்த மீனைப் பிடித்து விற்றுப் பிழைக்கின்றன.

உங்கள் தொட்டிக்கு வருவோம்

வாலஸ் கண்ட கருநீரையும் உங்கள் கிணற்று நீரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கருநீரில் கரைந்த உப்புகள் 10 பி.பி.எம். அளவுக்கும் கீழே. நம் மாவட்டங்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் 1000 பி.பி.எம். அளவைத் தாண்டுவது உண்டு. பண்ணைகளில் பல தலைமுறையாக வளர்ந்த டெட்ராக்கள் ஓரளவு கடின நீரைத் தாங்கும். ஆனால் முட்டை பொரிக்க மென்னீர் வேண்டும். எனவே இவற்றைக் கவனியுங்கள்:

1. மீன் வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். உப்பளவு, கடினத்தன்மை, கார அமில நிலை மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்.

2. புதிதாகத் தொடங்குபவர்கள் கறுப்பு விடோ டெட்ராவில் தொடங்குங்கள். அது பலவகை நீரையும் தாங்கும். நியானுக்கும் கார்டினலுக்கும் பிறகு வரலாம்.

3. மென்னீருக்கு மழைநீர் நல்ல வழி. முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான கூரை நீரை மூடிய தொட்டியில் சேமியுங்கள். வளர்ப்புக்குக் கிணற்று நீரோடு கலந்து 100 முதல் 200 பி.பி.எம். அளவில் வையுங்கள். நியான் இனப்பெருக்கத் தொட்டிக்கு 50 பி.பி.எம். அளவுக்குக் கீழே இருக்கட்டும். மழைநீர் போதாவிட்டால் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்தலாம்.

4. கடின நீரில் அமிலம் ஊற்றிக் கார அமில நிலையை மட்டும் இறக்குவது வீண். சுண்ணாம்பும் மெக்னீசியமும் அப்படியே இருக்கும். மீனுக்கும் ஆபத்து.

5. காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையைக் கழுவி, 40 லிட்டருக்கு ஒன்று வீதம் போடலாம். காட்டு இலை செய்த வேலையை இது ஓரளவு செய்யும். பூச்சிமருந்து தெளித்த இடத்து இலை வேண்டாம்.

6. இனப்பெருக்கத் தொட்டியை நிழலில் வையுங்கள். முட்டையிட்டதும் தாய் மீன்களை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டையைத் தின்றுவிடும். முட்டைகள் வெளிச்சத்தில் கெடும் என்பதால் தொட்டியை மூடி வையுங்கள். சுமார் ஒரு நாளில் பொரியும்.

7. நீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு 10 முதல் 20 சதவீதம் போதும். மென்னீரில் கார அமில நிலை சட்டென்று இறங்கக்கூடும், ஆகவே வாரம் ஒருமுறை பாருங்கள்.

8. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில், எந்தத் தொட்டியில், எந்த நீரை விட்டீர்கள், அளவு என்ன, எத்தனை மீன் செத்தது, எத்தனை குஞ்சு பொரித்தது என்று அன்றன்றே எழுதுங்கள்.

இந்த எட்டாவதைப் பலர் செய்வதில்லை. ஒரு தொட்டி மீன் போய்விட்டால் பணம் போனது போனதுதான். ஆனால் எந்த நீரில் போனது என்று எழுதி வைத்திருந்தால் அடுத்த தொட்டி தப்பும். கப்பலோடு எல்லாம் எரிந்த பிறகும் வாலஸ் மறுபடி எழுந்து நிற்க உதவியது அந்தத் தகரப் பெட்டியில் இருந்த தாள்கள்தான். இன்றைக்கே உங்கள் தொட்டி நீரை அளந்து, முதல் பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.